தூதர் ஆவது எப்படி? (சர்வீஸ் வரிசையை எழுதுவதற்கு முன் படிக்கவும்)

என் அக்கா மகள் இப்போது இந்திய வெளியுறவுப் பணியில் இருக்கிறாள். முதல் விண்ணப்பத்திலிருந்து டெல்லியில் இண்டர்வியூவுக்கு அறை பார்த்தது வரை கூடவே இருந்தவன் என்பதால், "என் பையனுக்கு அம்பாசடர் ஆகணுமாம், என்ன சார் படிக்கணும்?" என்று தெரிந்தவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் வாட்ஸ்அப்பில் பதில் தட்டி அலுத்துவிட்டது. அதனால் மொத்தமாக இங்கே எழுதி வைக்கிறேன்.

பிரிலிம்ஸ் (முதல்நிலைத் தேர்வு), மெயின்ஸ் (முதன்மைத் தேர்வு), கட் ஆஃப் போன்றவை உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். தெரியாவிட்டால் அண்ணா நகரில் எந்தத் தெருமுனையில் நின்றாலும் ஒரு பேனர் சொல்லிக் கொடுத்துவிடும்.

முதலில் ஒன்று. தூதர் பதவிக்கென்று தனித் தேர்வு கிடையாது. சிவில் சர்வீஸ் தேர்வு எழுதி ஐ.எப்.எஸ் (இந்திய வெளியுறவுப் பணி) கிடைத்தால் கடைசிப் படியில் ஒரு நாற்காலி தருவார்கள். அங்கிருந்து தூதர் நாற்காலிக்குப் போக ஏறக்குறைய இருபது வருடம் ஆகும், பெரிய நாடுகள் என்றால் இன்னும் கூடுதலாக. இப்போதைய வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கர் 1977-இல் பணியில் சேர்ந்தவர். மாஸ்கோவில் தேர்டு செக்ரட்டரியாக (தூதரகத்தில் கடைசிப் படி அதிகாரி) தொடங்கி, இலங்கை, புடாபெஸ்ட், டோக்கியோ என்று சுற்றி, இருபது ஆண்டுகளுக்கு மேல் கழித்துத்தான் முதல்முறையாகத் தூதரானார், அதுவும் செக் குடியரசுக்கு. சீனாவும் அமெரிக்காவும் அதற்குப் பிறகு. இந்தக் கணக்கு சரிப்படும் என்றால் மேலே படியுங்கள்.

படி 1: எந்த ஐ.எப்.எஸ்?

வெளியுறவுப் பணிக்கும் வனப் பணிக்கும் ஆங்கிலத்தில் ஒரே சுருக்கம். பிரிலிம்ஸும் இரண்டுக்கும் பொது. மெயின்ஸ் மட்டும் வேறு வேறு. விண்ணப்பத்தில் 'ஃபாரஸ்ட் சர்வீஸ்' என்று தனியாக ஒரு தேர்வு வரும். அதைத் தொட்டால் காட்டு இலாகாதான். வெளியுறவுப் பணிக்கு நீங்கள் குறிக்க வேண்டியது சிவில் சர்வீஸ் தேர்வு. அதற்குள் ஐ.ஏ.எஸ், ஐ.பி.எஸ்ஸோடு சேர்ந்து இருபதுக்கும் மேற்பட்ட சர்வீஸ்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று இது. எந்தப் பட்டம் இருந்தாலும் போதும்.

படி 2: படிப்பு

இதை நீட்டப் போவதில்லை. மெயின்ஸில் தரவரிசைக்குச் சேரும் மதிப்பெண் 1750, இண்டர்வியூ 275, மொத்தம் 2025. ஐ.எப்.எஸ்ஸுக்கென்று தனிப் பாடம் எதுவும் இல்லை. "வெளியுறவு வேண்டுமென்றால் அரசியல் அறிவியலும் சர்வதேச உறவும்தான் விருப்பப் பாடமாக எடுக்கணும்" என்பது கோச்சிங் சென்டர்கள் கிளப்பிவிட்ட பேச்சு. தமிழ் இலக்கியம் எடுத்தும் போகலாம். சர்வதேச உறவு எப்படியும் பொது அறிவு இரண்டாம் தாளில் வந்துவிடும்.

சென்னையில் பணம் கட்டுவதற்கு முன் ராஜா அண்ணாமலைபுரத்தில் இருக்கும் தமிழக அரசின் பயிற்சி மையத்துக்கு விண்ணப்பியுங்கள். நுழைவுத் தேர்வு உண்டு. 'நான் முதல்வன்' திட்டத்தில் ஆயிரம் பேருக்கு மாதம் 7,500 ரூபாய் வீதம் 10 மாதம் ஊக்கத்தொகை தருகிறார்கள். பிரிலிம்ஸ் தேறினால் 25,000. உட்கார்ந்து படிக்க கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம். சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிக்கத் தனி இடமே இருக்கிறது. காலையிலேயே போய்விடுங்கள், தேர்வு சீசனில் இடம் கிடைக்காது.

கருவிகள் விஷயத்தில் எனக்குப் பிடிவாதம் உண்டு. வரைபடத்தை போனில் பார்க்காதீர்கள், பள்ளி அட்லஸ் வாங்குங்கள். போனில் பெரிதாக்கிப் பார்த்தால் ஒரு நாடு தெரியும், அதன் பக்கத்து நாடுகள் கண்ணுக்குப் படாது. வெளியுறவு என்பதே பக்கத்து நாடுகள்தான். அப்புறம், நடப்பு நிகழ்வுகளுக்கு யூடியூப் சேனல்களை விட வெளியுறவு அமைச்சகத்தின் வாராந்திரச் செய்தியாளர் சந்திப்பு மேல். இணையதளத்தில் எழுத்து வடிவிலேயே கிடைக்கிறது. ஒரு கேள்விக்கு அரசு என்ன சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்பதை அங்கே பார்த்துக் கற்றுக்கொள்ளலாம். பிறகு அந்த வேலைக்குத்தானே போகிறீர்கள்?

படி 3: சர்வீஸ் வரிசை (இங்கேதான் எல்லோரும் சிக்குகிறார்கள்)

எந்த சர்வீஸ் உங்களுக்கு முதல் விருப்பம், எது இரண்டாவது என்று வரிசை எழுதித் தரச் சொல்வார்கள். எந்தக் கட்டத்தில் கேட்பார்கள் என்பதை அந்தந்த ஆண்டு அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். ஐந்து நிமிட வேலை மாதிரி தெரியும். எங்கள் வீட்டில் ஒரு வாரம் சண்டை நடந்தது.

அக்கா வீட்டுக்காரர் மாதிரிப் படிவத்தை பிரவுசிங் சென்டரில் அச்செடுத்து வந்து, ஐ.ஏ.எஸ்ஸுக்கு நேராக பென்சிலில் '1' என்று எழுதி, ஃபிரிட்ஜ் மேல் வைத்துவிட்டார். "கலெக்டர்னா ஊர்ல தெரியும். தேர்டு செக்ரட்டரின்னா கோ-ஆபரேட்டிவ் சொசைட்டியிலயான்னு கேப்பான்" என்பது அவர் வாதம். மறுநாள் காலையில் பார்த்தால் '1' அழிக்கப்பட்டு ஐ.எப்.எஸ்ஸுக்கு நேராக இருக்கும். மத்தியானம் மறுபடி மேலே ஏறியிருக்கும். கடைசியில் அந்த இடத்தில் காகிதமே நைந்து ஓட்டை விழுந்துவிட்டது.

ஒதுக்கீடு நடக்கும் விதம் புரிந்தால் இந்தச் சண்டை சீக்கிரம் முடியும். தரவரிசையில் மேலிருந்து கீழே ஒவ்வொருவராக வருவார்கள். உங்கள் முறை வரும்போது, நீங்கள் எழுதிய வரிசையில் மேலிருந்து பார்த்து, உங்கள் இடஒதுக்கீட்டுப் பிரிவில் எதில் இடம் மிச்சமிருக்கிறதோ அதைத் தருவார்கள். அவ்வளவுதான். 2023 தேர்வில் ஐ.ஏ.எஸ்ஸுக்கு 180 இடம், ஐ.எப்.எஸ்ஸுக்கு 37. அடுத்த ஆண்டு ஐ.எப்.எஸ் 55 ஆனது. நீங்கள் ஐ.ஏ.எஸ்ஸை முதலிலும் ஐ.எப்.எஸ்ஸை இரண்டாவதாகவும் எழுதி, நல்ல ரேங்க்கும் எடுத்துவிட்டால், கிடைப்பது ஐ.ஏ.எஸ். இரண்டாவது வரியை யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். அதாவது இந்த வரிசையில் எழுதியவருக்கு ஐ.எப்.எஸ் கிடைக்க வேண்டுமென்றால் ரேங்க் கொஞ்சம் குறைய வேண்டும்! தூதர் ஆவதுதான் ஆசை என்றால் முதல் வரியில் ஐ.எப்.எஸ். "ரெண்டாவதா போட்டு வைப்போம்" என்பது ஆசை இல்லாதவர்களுக்கான வழி.

இன்னொரு விதியையும் கவனியுங்கள். ஐ.ஏ.எஸ்ஸிலோ ஐ.எப்.எஸ்ஸிலோ நியமனம் பெற்று அந்தப் பணியில் இருப்பவர் மறுபடி இந்தத் தேர்வை எழுத முடியாது. "இந்த வருஷம் கலெக்டர், பிடிக்கலேன்னா அடுத்த வருஷம் வெளியுறவு" என்கிற கதை நடக்காது. எங்கள் வீட்டில் பென்சில் சண்டையை நிறுத்தியது இந்த விதிதான். அக்கா மகள் அதை அறிவிப்பிலேயே அடிக்கோடிட்டு அப்பா முன்னால் வைத்தாள். அவர் கண்ணாடியைப் போட்டு இரண்டு தடவை படித்துவிட்டு, "சரி, உன் இஷ்டம்" என்று எழுந்து போய்விட்டார்.

பெற்றோர் காதில் போட்டு வைக்க வேண்டியது: ஐ.எப்.எஸ்ஸுக்கு மாநில கேடர் (ஒரு மாநிலத்துக்கென்று ஒதுக்குவது) கிடையாது. தமிழ்நாடு கேடர் கிடைக்குமா என்ற கேள்விக்கே இடமில்லை. வேலை டெல்லியில் அல்லது வெளிநாட்டில். அப்புறம், விருப்பம் தெரிவிக்காத சர்வீஸ் உங்களுக்கு ஒதுக்கப்படாது. உண்மையிலேயே வேண்டாம் என்பதை மட்டும் விடுங்கள்.

படி 4: இண்டர்வியூ

டெல்லி ஷாஜகான் சாலை, தோல்பூர் ஹவுஸ். தமிழிலும் பதில் சொல்லலாம், மொழிபெயர்ப்பாளர் இருப்பார். முதல் விருப்பம் ஐ.எப்.எஸ், சொந்த ஊர் சென்னை என்று பார்த்ததும் கச்சத்தீவும் மீனவர் பிரச்சினையும் வரும் என்று எதிர்பார்த்தே போங்கள். 1974, 1976 ஒப்பந்தங்கள் இரண்டையும் தனித்தனியாகச் சொல்லத் தெரிய வேண்டும். முதலாவது தீவைப் பற்றியது, இரண்டாவது மன்னார் வளைகுடா, வங்கக் கடல் எல்லையைப் பற்றியது. பலர் இரண்டையும் குழப்பி ஒன்றாக்கிவிடுகிறார்கள். ராமேஸ்வரத்து மீனவரின் பிழைப்பும் டெல்லியின் நிலைப்பாடும் ஒரே பதிலில் இடம்பெற வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பேசினால் உடனே அடுத்த கேள்வி விழும்.

படி 5: பயிற்சியும் மொழியும்

முசௌரியில் மற்ற சர்வீஸ்காரர்களோடு சேர்ந்து அடிப்படைப் பயிற்சி. பிறகு டெல்லியில் சுஷ்மா சுவராஜ் வெளியுறவுப் பணி நிறுவனம். 1986-இல் தொடங்கியது, 2020-இல் இந்தப் பெயர் வைத்தார்கள். அதன் பிறகு ஒரு வெளிநாட்டு மொழி ஒதுக்குவார்கள். ரேங்க், விருப்பம், அமைச்சகத்தின் தேவை எல்லாம் பார்த்து முடிவாகும். அரபு என்றால் கெய்ரோ, ஜப்பானியம் என்றால் டோக்கியோ என்று அந்த மொழி புழங்கும் ஊருக்கே தேர்டு செக்ரட்டரியாக அனுப்பிப் படிக்க வைப்பார்கள். மொழித் தேர்வில் தேறினால்தான் பணி உறுதியாகும்.

"இப்பவே நுங்கம்பாக்கம் அலியான்ஸ் பிரான்சேஸில் பிரெஞ்சு சேர்ந்துடட்டுமா?" என்று நிறைய பேர் கேட்கிறார்கள். ஆசைக்குப் படிப்பதாக இருந்தால் சேருங்கள். வேலைக்காக என்றால் வேண்டாம். உங்களுக்கு பர்மிய மொழியோ ஹீப்ருவோ வரலாம். அந்த நேரத்தையும் பணத்தையும் மெயின்ஸ் விடை எழுதிப் பழகுவதில் போடுங்கள். மொழியை அரசு செலவில் கற்றுக்கொள்ளலாம்.

கிடைக்கும் மொழியை லேசாக நினைக்காதீர்கள். பிறகு எந்தப் பகுதிக்கு அடிக்கடி அனுப்புவார்கள், டெல்லியில் எந்த நாடுகளின் மேசையில் உட்கார வைப்பார்கள் என்பதில் அதன் கை இருக்கும். ஜெய்சங்கர் மாஸ்கோவுக்குப் போனது ரஷ்ய மொழி வழியாகத்தான்.

படி 6: ஏணி

வெளிநாட்டில் தேர்டு, செகண்ட், ஃபர்ஸ்ட் செக்ரட்டரி, கவுன்சலர், மினிஸ்டர் (அமைச்சர் இல்லை, பதவிப் பெயர்), அப்புறம் துணைத் தூதர். டெல்லியில் இதற்கு இணையாக அண்டர் செக்ரட்டரி, டெப்டி செக்ரட்டரி, டைரக்டர், ஜாயிண்ட் செக்ரட்டரி. ஒரு இடத்தில் சுமார் மூன்று வருடம், அப்புறம் பெட்டி கட்ட வேண்டும். தொடக்க அடிப்படைச் சம்பளம் ஐ.ஏ.எஸ்ஸுக்கு உள்ள அதே 56,100. வெளிநாட்டில் இருக்கும்போது வெளிநாட்டுப் படி தனி.

இந்த வருடங்களில் கோட் சூட் விருந்தை விடக் கோப்புதான் அதிகம். வளைகுடாவில் கான்சுலர் பிரிவு (அங்கே இருக்கும் நம் ஆட்களைக் கவனிக்கும் பிரிவு) கிடைத்தால் தெரியும். ஒரு தமிழ்த் தொழிலாளி அங்கே இறந்துபோனால், உள்ளூர் மரணச் சான்றிதழ் வாங்கி, தூதரகத்தில் மரணத்தைப் பதிவு செய்து, பாஸ்போர்ட்டை ரத்து செய்து, தடையில்லாச் சான்று கொடுத்தால்தான் உடல் திருச்சிக்கோ சென்னைக்கோ விமானம் ஏறும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் போன் வந்தாலும் எடுக்க வேண்டும். ஊரிலிருந்து அழுதுகொண்டே பேசுகிறவர்களுக்குத் தமிழிலேயே பதில் சொல்ல ஒரு ஆள் அங்கே இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று அக்கா மகளின் சீனியர் ஒருவர் சொன்னார். எனக்கு இந்த வேலையின் மேல் மரியாதை வந்தது அன்றைக்குத்தான்.

படி 7: தூதர்

மத்திய அரசு பெயரை முடிவு செய்ததும் நேராக அறிவித்துவிட முடியாது. 1961 வியன்னா உடன்படிக்கையின் 4-ஆம் பிரிவுப்படி, போகிற நாட்டின் சம்மதத்தை முதலில் சத்தமில்லாமல் கேட்க வேண்டும். அவர்கள் மறுத்தால் காரணம் சொல்லத் தேவையில்லை. சம்மதம் வந்த பிறகுதான் 'விரைவில் பொறுப்பேற்பார்' என்ற ஒரு பத்திச் செய்திக்குறிப்பு அமைச்சகத்தின் தளத்தில் வரும். பிறகு குடியரசுத் தலைவர் கையெழுத்திட்ட நியமனக் கடிதத்தைக் கொண்டுபோய் அந்த நாட்டின் தலைவரிடம் நேரில் கொடுக்க வேண்டும்.

இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் போன்ற காமன்வெல்த் நாடுகளில் இதே பதவிக்கு ஹை கமிஷனர் என்று பெயர். ஒரே ஆள் பல நாடுகளைப் பார்த்துக்கொள்வதும் உண்டு. ஃபிஜிக்கான நம் ஹை கமிஷனர் டோங்கா, துவாலு போன்ற தீவு நாடுகளுக்கும் சேர்த்துத்தான். 1903-இலிருந்து மதராஸ் துறைமுகத்தில் கப்பலேற்றிக் கரும்புத் தோட்டத்துக்குக் கொண்டுபோன நம் ஆட்களின் பேரப்பிள்ளைகள் வாழும் ஊர் ஃபிஜி.

பின்சேர்க்கை 1: "பெண்களுக்கு இந்த வேலை சரிவருமா?" என்று ஓர் அம்மா கேட்டிருந்தார். நுங்கம்பாக்கம் மகளிர் கிறிஸ்தவக் கல்லூரியிலும் கடற்கரைச் சாலை மாநிலக் கல்லூரியிலும் படித்த சி.பி. முத்தம்மா 1949-இல் இந்தப் பணியில் சேர்ந்தார். ஐ.எப்.எஸ்ஸின் முதல் பெண் அவர். 1970-இல் ஹங்கேரிக்குத் தூதரானார். கல்யாணம் செய்ய அரசின் எழுத்து அனுமதி வேண்டும் என்று அப்போது பெண் அதிகாரிகளுக்கு மட்டும் விதி இருந்தது. பதவி உயர்வு மறுக்கப்பட்டதும் உச்ச நீதிமன்றம் போனார். 1979-இல் நீதிபதி கிருஷ்ணய்யர் அந்தப் பாகுபாட்டைக் கடுமையாகச் சாடித் தீர்ப்பு எழுதினார். இன்று அப்படி விதி கிடையாது. வெளிநாட்டவரை மணப்பதென்றால் மட்டும், ஆணோ பெண்ணோ, முன் அனுமதி வேண்டும்.

பின்சேர்க்கை 2: ஐ.எப்.எஸ்ஸுக்கே வராமல் தூதர் ஆனவர்கள் இல்லையா என்று ஒருவர் மடக்கினார். உண்டு. மாநிலக் கல்லூரியில் தத்துவம் சொல்லிக்கொடுத்த ராதாகிருஷ்ணன் 1949-இல் சோவியத் யூனியனுக்குத் தூதராகப் போனார். தமிழ்நாடு கேடர் ஐ.ஏ.எஸ் அதிகாரியாக இருந்த கோபாலகிருஷ்ண காந்தி தென்னாப்பிரிக்காவிலும் இலங்கையிலும் ஹை கமிஷனராக இருந்தார். அரசு கூப்பிட்டால் போகலாம். கூப்பிட வைக்கும் வழி எனக்குத் தெரிந்திருந்தால் நான் ஏன் இங்கே பிளாக் எழுதிக்கொண்டிருக்கப் போகிறேன்?

பின்சேர்க்கை 3: சிவில் சர்வீஸ் தேர்வு எழுதும் வாய்ப்புகள் தீர்ந்துபோனவர்களுக்கு. எஸ்.எஸ்.சி (மத்திய பணியாளர் தேர்வாணையம்) பட்டதாரிகளுக்கு நடத்தும் சி.ஜி.எல் தேர்வு வழியாக வெளியுறவு அமைச்சகத்தில் உதவிப் பிரிவு அலுவலராகச் சேரலாம். வெளிநாட்டுத் தூதரகங்களில் பணி கிடைக்கும், பதவி உயர்வில் படிப்படியாக மேலே வந்து தூதரானவர்களும் இருக்கிறார்கள். வயது வரம்பை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். அங்கேயும் பதவி விருப்ப வரிசை கேட்பார்கள். மத்திய செயலகத்தின் உதவிப் பிரிவு அலுவலர் வேறு, வெளியுறவு அமைச்சகத்தின் உதவிப் பிரிவு அலுவலர் வேறு. பட்டியலில் இரண்டும் தனித்தனி வரியில் இருக்கும், பார்த்துக் குறியுங்கள்.