காது பரிசோதனையில் 'ரிஃப்ளெக்ஸ்' முடிவைப் படிப்பது எப்படி?

செவித்திறன் அறிக்கையில் ஆடியோகிராமுக்கும் (கேட்கும் திறனைக் காட்டும் வரைபடம்) டிம்பனோகிராமுக்கும் (செவிப்பறையின் அசைவைக் காட்டும் வரைபடம்) கீழே, 'ரிஃப்ளெக்ஸ்' என்ற தலைப்பில் சில எண்களோ, பதில் கிடைக்கவில்லை என்பதைக் குறிக்கும் 'என்.ஆர்.' என்ற எழுத்துகளோ இருக்கும். பலத்த ஒலி கேட்டதும் நடுச்செவியின் அங்கவடி எலும்பை இழுத்துப் பிடிக்கும் ஸ்டேபீடியஸ் என்னும் மிகச் சிறிய தசை, எத்தனை டெசிபலில் சுருங்கத் தொடங்குகிறது என்பதையே அந்த எண்கள் சொல்கின்றன.

முதலில் டிம்பனோகிராமைப் பாருங்கள். அதன் கோடு மேடில்லாமல் தட்டையாகக் கிடந்தால், அந்தக் காதில் ப்ரோப் (தசைச் சுருக்கத்தை அளக்கக் காதில் செருகும் முனை) வைத்து எடுத்த கட்டங்களில் 'என்.ஆர்.' வருவது எதிர்பார்க்கத்தக்கதே. நடுச்செவியில் நீர் கோத்திருக்கும்போது தசை சுருங்கினாலும் கருவிக்கு அது புலப்படாது.

அடுத்து, ஒலி எந்தக் காதில், ப்ரோப் எந்தக் காதில் என்று பிரித்துக்கொள்ளுங்கள். குழப்பமெல்லாம் இங்கேதான். ஒரு காதில் ஒலித்தாலும் இரு பக்கத் தசைகளும் சுருங்கும் என்பதால், ஒலித்த காதிலேயே அளப்பதை இப்சி என்றும் எதிர்க்காதில் அளப்பதை கான்ட்ரா என்றும் குறிப்பார்கள். 'வலது கான்ட்ரா' என்றால் பெரும்பாலும் வலப்பக்கம் ஒலி, இடப்பக்கம் ப்ரோப். மாற்றிக் குறிப்பவர்களும் இருப்பதால் கேட்டுக்கொள்வது நல்லது.

வலப்பக்க முகநரம்பு செயலிழந்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். தசையை இயக்குவது முகநரம்பு என்பதால், பாதிப்பு அந்தத் தசைக்கு முந்தைய பகுதியில் இருந்தால், ஒலி எந்தக் காதில் வந்தாலும் வலது காதில் ப்ரோப் இருக்கும் கட்டங்கள் மட்டும் வெறுமையாக இருக்கும். மாறாக வலது செவிநரம்பில் கோளாறு என்றால், வலது காதில் ஒலி கொடுத்த கட்டங்களே வெறுமையாகும்.

இனி எண்கள். 500, 1000, 2000 ஹெர்ட்ஸில் 70 முதல் 100 டெசிபல் வரை இருப்பது இயல்பு. 4000 ஹெர்ட்ஸில் மட்டும் பதில் இல்லையென்றால் கவலைப்பட வேண்டியதில்லை. நன்றாகக் கேட்பவர்களுக்கும் அப்படி வருவதுண்டு. ஒலி கேட்கத் தொடங்கும் அளவே 60 டெசிபலாக இருப்பவருக்கு 90 டெசிபலில் தசை சுருங்கினால், இடைவெளி 30 தான். பழுது உட்செவியின் காக்ளியாவில் இருக்கலாம் என்பதற்கு அது அறிகுறி.

'டிகே' (சுருக்கம் தளர்வது) என்ற வரி இருந்தால் அதையும் பாருங்கள். தசை சுருங்கத் தொடங்கிய அளவைவிட 10 டெசிபல் கூட்டி, 10 விநாடி ஒலியை நிறுத்தாமல் கொடுப்பார்கள். 500 அல்லது 1000 ஹெர்ட்ஸில் அந்த 10 விநாடிக்குள் சுருக்கம் பாதிக்கும் கீழே தளர்ந்தால், செவிநரம்பைப் பார்க்க மருத்துவர் எம்.ஆர்.ஐ. எழுதித் தரக்கூடும். பலத்த ஒலி தாங்காதவர்களும் காதில் இரைச்சல் உள்ளவர்களும் இந்தச் சோதனை தொடங்கும் முன்பே அதைச் சொல்லிவிட வேண்டும்.