குடிநீர்க் குழாய் புராஜெக்ட் செய்கிறீர்களா? முதலில் அலகை மாற்றுங்கள்

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் சிவில் படிக்கும் பிள்ளைகள் இறுதியாண்டு புராஜெக்டுக்குத் தங்கள் ஊர்க் குடிநீர்க் குழாயையே எடுத்தால் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆழ்துளைக் கிணற்றில் ஃபுளோரைடு, அதனால் ஒகேனக்கல் தண்ணீருக்குக் காத்திருப்பு என்று வளர்ந்தவர்களுக்கு அது வெறும் மார்க் கணக்கு இல்லை.

குழாய்களில் ஓடும் நீரின் அளவையும் அழுத்தத்தையும் கணக்கிட்டுச் சொல்லும் ஈபாநெட் (EPANET) என்ற இலவச மென்பொருள் இதற்குப் போதும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை உருவாக்கியது. சாதாரண லேப்டாப்பிலேயே ஓடும். ஒரு குழாய்கூட வரைவதற்கு முன், டீஃபால்ட்ஸ் பகுதியில் ஓட்ட அலகை ஜிபிஎம்மிலிருந்து (நிமிடத்துக்கு இத்தனை கேலன்) எல்பிஎஸ்ஸுக்கு (விநாடிக்கு இத்தனை லிட்டர்) மாற்றிவிடுங்கள். ஓட்ட அலகை வைத்துத்தான் மற்ற அலகுகளையும் அது முடிவு செய்யும். இல்லாவிட்டால் நீங்கள் 110 மி.மீ. என்று நினைத்துப் போடும் விட்டத்தை அது 110 அங்குலமாக எடுத்துக்கொள்ளும்! பிறகு அலகை மாற்றினாலும், ஏற்கெனவே போட்ட எண்கள் தானாகத் திருந்தாது.

அடுத்தது நில மட்டம். நம் ஊர் மேடும் பள்ளமும்தானே. 10 மீட்டர் பிசகினால் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 1 கிலோ அழுத்தம் பிசகும். கூகுள் எர்த் காட்டும் உயரத்தை அப்படியே போடாமல், கல்லூரி சர்வே லேபில் இருக்கும் ஆட்டோ லெவலை (உயர வித்தியாசம் அளக்கும் கருவி) வாங்கிக்கொண்டு, மேல்நிலைத் தொட்டியிலிருந்து கடைசித் தெருவரை ஒரு நாள் அளந்துவிடுங்கள்.

சரி, ரிசல்ட் வந்துவிட்டது. தண்ணீர் விடும் நேரத்தில் கடைசிக் குழாயில் பிரஷர் கேஜ் மாட்டி ஒப்பிட்டுப் பாருங்கள். பொருந்தவில்லை என்றால் டேங்க் ஆபரேட்டர் அண்ணனிடம் கேளுங்கள். எந்த வால்வு பாதி மூடியிருக்கிறது என்று அவருக்குத் தெரியும்.