மால்ஹம் போகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

வடக்கு இங்கிலாந்தில் யார்க்‌ஷயர் டேல்ஸ் தேசியப் பூங்காவின் தென்பகுதியில் மால்ஹம் என்று ஒரு சின்ன ஊர் இருக்கிறது. ஊர்க்காரர்கள் நடுவிலுள்ள 'ஹ'வை விழுங்கிவிட்டு 'மாலம்' என்றுதான் சொல்வார்கள். நான் லீட்ஸில் இருப்பதால், வீட்டுக்கு யார் வந்தாலும் ஒரு நாள் அங்கே கூட்டிக்கொண்டு போய்விடுவேன். போகும்போதெல்லாம் ஒரே காட்சியைப் பார்க்கிறேன். காரை நிறுத்திவிட்டு நேராக மால்ஹம் கோவ் பாறைக்கு நடக்கிறார்கள், அடியில் நின்று படம் எடுக்கிறார்கள், ஒரு மணி நேரத்தில் கிளம்பிவிடுகிறார்கள். அவ்வளவு தூரம் வந்துவிட்டு இப்படித் திரும்புவதைப் பார்க்கும்போது எனக்கு மனசே ஆறாது.

கோவ் பிரமாண்டமானதுதான். சுமார் 80 மீட்டர் உயரச் சுண்ணாம்புக்கல் சுவர், அரைவட்டமாக வளைந்து நிற்கிறது. பனியுகத்தின் முடிவில் உருகிய நீர் அருவியாக அதன் மேலிருந்து கொட்டியது. இப்போது சொட்டுத் தண்ணீர் விழாது. 2015 டிசம்பரில் டெஸ்மண்ட் புயலின்போது மட்டும், உயிரோடிருக்கும் யாரும் பார்த்திராத விதமாக, சில மணி நேரம் மறுபடி அருவி கொட்டியது. அப்படியானால் தண்ணீர் எங்கே போகிறது? மால்ஹமில் கேட்க வேண்டிய கேள்வியே அதுதான். அதற்குப் பதில் தேடி நடந்தால் ஊர் முழுவதையும் பார்த்துவிடலாம்.

அடுத்து, வரிசையில் செய்யும் தவறு. முதலில் கோவ் பாறையைப் பார்த்துவிட்டால் ஜானட்ஸ் ஃபாஸ் அருவி சின்ன விஷயமாகத் தெரியும். ஆகவே அங்கிருந்து தொடங்குங்கள். ஊரிலிருந்து ஓடையை ஒட்டி வயல்கள் வழியாக ஒன்றரை மைல். ஏற்றமே கிடையாது என்று சொல்லலாம். மூட்டுவலிக்காரரான என் சித்தியே நிதானமாக நடந்து வந்தார். மே மாதத்தில் மரங்களுக்கடியில் காட்டுப் பூண்டு வெள்ளை வெள்ளையாகப் பூத்து, தாளிப்பு வாசம் மாதிரி வழியெல்லாம் மணக்கும். ரசத்துக்கு ஆகுமே என்று வேரோடு பிடுங்காதீர்கள். நிலத்துக்காரர் அனுமதியில்லாமல் காட்டுச்செடியை வேரோடு பிடுங்குவது இங்கே சட்டப்படி குற்றம். அந்த இலைகளுக்கு நடுவே பார்ப்பதற்கு ஓரளவு அதே மாதிரி இருக்கும் விஷச்செடிகளும் வளரும். 'ஃபாஸ்' என்றால் பழைய நார்ஸ் மொழியில் அருவி. ஜானட் என்பவள் அருவிக்குப் பின்னாலுள்ள குகையில் வாழும் தேவதைகளின் அரசி என்பது ஊர்க்கதை. முன்பு அருவிக்கு அடியிலுள்ள குளத்தில்தான் ஆடுகளைக் குளிப்பாட்டினார்கள்.

அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் கோர்டேல் ஸ்கார் என்ற குறுகிய பாறைப் பள்ளத்தாக்கு. புல்வெளியில் நின்று பார்த்தால் ஏதோ இரண்டு குன்றுகள் மாதிரிதான் இருக்கும். "இவ்வளவுதானா" என்று பாதியில் திரும்பியவர்களைப் பார்த்திருக்கிறேன். பாதை வளையும் இடம் வரை போங்கள். இரண்டு பக்கமும் பாறை தலைக்கு மேல் சாய்ந்து வரும், இருட்டும், குளிர்ந்த காற்று முகத்தில் அடிக்கும், உள்ளே அருவி இரையும். ஜேம்ஸ் வார்ட் என்ற ஓவியர் இந்த இடத்தை 4 மீட்டருக்கும் மேல் அகலமான துணியில் வரைந்தார். அந்த ஓவியம் இப்போது லண்டன் டேட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அளவு ஏன் அப்படி என்பது வளைவைத் தாண்டி நின்றால்தான் புரியும்.

இங்கே செய்யக்கூடாத பெரிய தவறு, யாரோ ஏறுகிறார்களே என்று அருவியின் பாறையில் தானும் ஏறுவது. கைகளையும் பயன்படுத்தி ஏற வேண்டிய இடம் அது. மழைக்குப் பிறகு பாறை வழுக்கும், பிடிமானமே தண்ணீருக்கடியில் போய்விடும். ஏறிப் பழக்கமில்லாதவர்களும் குழந்தைகளோடு வந்தவர்களும் சாலைக்குத் திரும்பி, கோவின் உச்சிக்குப் போகும் வயல் பாதையைப் பிடிப்பதே சரி. மேலே இருந்து இந்தப் பாறை வழியாக இறங்குவது ஏறுவதைவிட மோசம்.

கோவின் உச்சியில் இருப்பது சுண்ணாம்புக்கல் தளம். யாரோ பாளம் பாளமாகக் கல் பரப்பி, இடையில் பூசாமல் விட்டுப்போனது போல இருக்கும். உண்மையில் அது மழை செய்த வேலை. மழைநீர் சுண்ணாம்புக்கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து வெடிப்புகளை அகலமாக்கியிருக்கிறது. பாளத்துக்கு 'கிளின்ட்', வெடிப்புக்கு 'கிரைக்' என்று பெயர். கூட்டம் கூட்டமாக வருபவர்கள் பாளத்துக்குப் பாளம் தாவிக்கொண்டு போவார்கள். லட்சக்கணக்கான கால்கள் தேய்த்ததில் கல் மெழுகிய தரை மாதிரி ஆகிவிட்டது. ஈரமானால் கேட்கவே வேண்டாம். கால் வெடிப்புக்குள் போனால் கணுக்கால் போச்சு. போன வருடம் எங்களோடு வந்த பையன் ஒருவன் பேசிக்கொண்டே நடந்து முழங்கால் வரை உள்ளே இறங்கிவிட்டான். சிராய்ப்போடு தப்பித்தது அவன் அதிர்ஷ்டம். அடிப்பகுதி பிடிப்பான ஷூ போடுங்கள், கல்லைப் பார்த்து வைத்து நடங்கள், விளிம்பில் தடுப்பு எதுவும் கிடையாது என்பதை மறக்காதீர்கள்.

நின்ற இடத்தில் ஒருமுறை மண்டியிட்டு ஒரு வெடிப்புக்குள் எட்டிப் பாருங்கள். மேலே ஆடு மேய்ந்து புல் மொட்டையாகக் கிடக்க, உள்ளே நிழலும் ஈரமுமாக, நாக்கு மாதிரி நீண்ட பச்சை இலையோடு பெரணி வளர்ந்திருக்கும். ஆட்டின் வாய்க்கு எட்டாத தோட்டம் அது. நினைவுக்கு என்று ஒரு கல்லைக்கூட எடுக்காதீர்கள். தோட்ட அலங்காரத்துக்காக இந்தக் கல்லைப் பெயர்த்து விற்றே பல தளங்கள் அழிந்தன. இப்போது அவற்றுக்குச் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது. கோவின் பாறையில் வசந்தத்திலும் கோடையிலும் பொரி வல்லூறு கூடு கட்டும். கூட்டருகே அதைத் தொந்தரவு செய்வதும் குற்றம். ட்ரோனை வீட்டிலேயே வைத்துவிட்டு, பைனாகுலர் கொண்டுபோங்கள்.

இன்னொரு தவறு, இந்த வயல்களை பார்க் என்று நினைப்பது. பாதையில் நடக்கத்தான் நமக்கு உரிமை. நிலம் விவசாயிகளுடையது, ஆடு மாடு அவர்கள் பிழைப்பு. திறந்திருக்கும் கேட்டை நல்லெண்ணத்தில் மூடிவிட்டு வருபவர்கள் உண்டு. ஆடுகள் தண்ணீருக்குப் போகவே அதைத் திறந்து வைத்திருப்பார்கள். எப்படி இருந்ததோ அப்படியே விடுங்கள். சாந்து இல்லாமல் அடுக்கிய கல் சுவர்கள்மேல் ஏறாதீர்கள், ஒரு கல் சரிந்தால் வரிசையே சரியும். பாதைக் குறிகளில் மஞ்சள் அம்பு என்றால் நடப்பவர்களுக்கு மட்டும், நீல அம்பு என்றால் குதிரையும் சைக்கிளும் போகலாம். கன்றோடு நிற்கும் பசுவிடம் மட்டும் உண்மையிலேயே ஜாக்கிரதை தேவை. தாய்க்கும் கன்றுக்கும் நடுவே போகாமல் சுற்றிப் போங்கள். நாய் கொண்டுபோனால் கயிற்றில் வையுங்கள். ஆனால் மாடு துரத்தினால் கயிற்றை விட்டுவிடுங்கள். நாய் ஓடித் தப்பித்துக்கொள்ளும், கையில் பிடித்திருந்தால் மாடு உங்கள்மேல் பாயும்.

சில்லறை விஷயங்கள். சாலை ஓரத்தில் காரை விடாதீர்கள், டிராக்டரும் ஆம்புலன்ஸும் போக அந்த ஒரே வழிதான். ஊர் முகப்பில் தேசியப் பூங்காவின் கட்டணப் பார்க்கிங் இருக்கிறது, விடுமுறை நாளில் காலையிலேயே நிரம்பிவிடும். போன் சிக்னலை நம்பாமல் காகித வரைபடம் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். டிசம்பரில் 4 மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். அடிபட்டால் 999 அழைத்து முதலில் போலீஸ், அப்புறம் மலை மீட்புக் குழு வேண்டும் என்று கேளுங்கள்.

சரி, தண்ணீருக்கு வருவோம். நேரமிருந்தால் கோவுக்கு வடக்கே, கடல்மட்டத்திலிருந்து 377 மீட்டர் உயரத்திலுள்ள மால்ஹம் டார்ன் ஏரி வரை போய் வாருங்கள். அதன் அடியில் நீர் இறங்காத பாறை இருப்பதால் ஏரி நிற்கிறது. அதிலிருந்து கிளம்பும் ஓடை சுண்ணாம்புக்கல்லைத் தொட்டதும், உங்கள் கண்ணெதிரே கூழாங்கற்களுக்கு நடுவே மண்ணுக்குள் போய்விடும். கோவின் அடியில் வரும் தண்ணீர் அதுதான் என்று எல்லோரும் நினைப்பார்கள். இல்லை. ஓடையில் சாயம் கலந்து பார்த்தபோது, ஏரி நீர் பூமிக்கடியில் கோவ் பாறையையும் ஊரையும் தாண்டிப் போய், தெற்கே ஏர் ஹெட் என்ற ஊற்றுகளில் வெளிவருவது தெரிந்தது. கிளம்புவதற்கு முன் கடைசியாக அங்கே போங்கள். ஊரிலிருந்து கொஞ்ச தூரம்தான், பெரும்பாலும் ஆளே இருக்காது. புல்லுக்கடியிலிருந்து தண்ணீர் சத்தமில்லாமல் பொங்கி வந்துகொண்டிருக்கும். லீட்ஸ் நகரத்துக்கு நடுவே ஓடும் ஏர் ஆறு அங்கேதான் தொடங்குகிறது.