நிலவுக்குச் சுட்ட குண்டு: கணக்கைச் சரிபார்ப்பவர்கள் சறுக்கும் இடங்கள்

1865-இல் ஜூல்ஸ் வெர்ன் எழுதிய நாவலில், மூன்று பேரைப் பீரங்கிக் குண்டுக்குள் ஏற்றி ஃப்ளோரிடாவிலிருந்து நிலவுக்குச் சுடுவார்கள். பழைய அறிவியல் கதைகளின் கணக்கைச் சோதித்துப் பார்க்க நான் எப்போதும் சிபாரிசு செய்வது இந்தக் கதையைத்தான். எண்களை அவரே கொடுத்துவிடுகிறார். ஆனால் சோதிக்கிறவர்களும் சறுக்குகிறார்கள்.

முதலில் அலகு. குண்டின் வேகம் நொடிக்கு 12,000 கெஜம், அதாவது 10.97 கி.மீ. சரி, 11 என்று வைத்துக்கொள்வோம் என எழுதிவிடாதீர்கள். காற்றின் தடையை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால், 10.97-இல் கிளம்பும் குண்டு பூமியின் மையத்திலிருந்து சுமார் 1,69,000 கி.மீ. வரை போய்த் திரும்பி விழும். 11 என்றால் சுமார் 1,93,000 கி.மீ. வேகத்தில் முப்பது மீட்டர்கூட வித்தியாசமில்லை. தூரத்தில் இருபதாயிரம் கி.மீ.க்கு மேல் இடிக்கிறது.

அப்புறம், விடுபடு வேகமான 11.2 வராவிட்டால் நிலவை எட்டவே முடியாது என்று தீர்ப்பு எழுதுவது. 11.2 என்பது பூமியின் பிடியை முழுக்க உதறிவிட்டுப் போக. நிலவே அந்தப் பிடிக்குள்தான் சுற்றுகிறது. அங்கே போய்ச்சேர 11.1 போதும். வெர்னின் குண்டுக்கு அதுவும் இல்லை. அதற்காக அவருக்கு உடனே மார்க் குறைக்காதீர்கள்: அடுத்த பாகத்தில் பயணிகளே வழியில் கணக்குப் போட்டு, கிளம்பிய வேகம் போதாது என்று கண்டுபிடிக்கிறார்கள். முதல் பாகத்தோடு மூடிவைப்பவர்களுக்கு இது தெரியாமலே போகும்.

பீரங்கியின் நீளம் 900 அடி. அதற்குள் அந்த வேகத்தை எட்ட, புவியீர்ப்பைப்போல் இருபதாயிரம் மடங்குக்கு மேல் முடுக்கம் வேண்டும். எந்த உடம்பும் தாங்காது. பாதையை மட்டும் சோதிப்பவர்கள் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

அதிகம் பேர் கோட்டைவிடுவது எடை விஷயத்தில். கதையில் பூமியின் இழுப்பும் நிலவின் இழுப்பும் சமமாகும் இடத்தில் மட்டும் பயணிகள் மிதக்கிறார்கள். ஈர்ப்பு இல்லாத இடத்தில்தானே மிதப்போம் என்று இன்றும் பலர் தலையாட்டுகிறார்கள். 400 கி.மீ. உயரத்தில் சுற்றும் விண்வெளி நிலையத்தில் ஈர்ப்பு கிட்டத்தட்ட 90 சதவீதம் அப்படியே இருக்கிறது. நிலையமும் ஆளும் சேர்ந்தே விழுவதால் மிதக்கிறார்கள்.

இதற்கான விடை வெர்னின் கையிலேயே இருந்தது. செத்துப்போன நாயை ஜன்னல் வழியாக வெளியே தள்ளுகிறார்கள். அது பின்தங்கவில்லை, குண்டின் பக்கத்திலேயே கூடவே வருகிறது. அருமையான, முழுக்கச் சரியான காட்சி. வெளியே இருக்கும் நாய்க்கு என்ன வேகமோ, என்ன ஈர்ப்போ, அதேதான் உள்ளே இருக்கும் மூவருக்கும். காற்று மண்டலத்தைத் தாண்டியதுமே அவர்கள் கால் தரையை விட்டிருக்க வேண்டும்.