ஆட்டினால் ரீசெட் ஆகும் போர்டு: கனெக்டரை மாற்றிச் சரிசெய்தது

வீட்டில் எட்ச் செய்த (செம்பை அரித்து உருவாக்கிய) மோட்டார் சர்க்யூட் போர்டு, வயரைத் தொட்டாலே ரீசெட் ஆனது. காரணம் டூபாண்ட் ஜம்பர் வயர், அதாவது பின்னில் சும்மா செருகும் இணைப்பு வயர். பூட்டே இல்லாததால் அதிர்வில் தளர்ந்துவிடும். சால்டர் இல்லாமல் சோதித்துப் பார்க்கும் பிரெட்போர்டோடு அதை விட்டுவிடுவது நல்லது.

மாற்றாகப் போட்டது ஜேஎஸ்டி எக்ஸ்ஹெச் (JST XH) என்ற கனெக்டர். பின் இடைவெளி 2.5 மி.மீ., தாங்குவது 3 ஆம்பியர். 2.54 மி.மீ. ஓட்டைகளில் நான்கு பின் வரை சிக்கலின்றி உட்காரும். பத்துப் பின் என்றால் 0.36 மி.மீ. விலகும், லேஅவுட்டிலேயே 2.5 வைத்துவிடுங்கள். துளைக்க 1 மி.மீ. டிரில்.

ஒற்றைப் பக்க போர்டில் பிளக்கை இழுக்கும்போது பேடும் (பின்னைச் சால்டர் செய்யும் செம்புத் திட்டு) பெயர்ந்து வரும். பேடை நீள்வட்டமாக, 2 மி.மீ.க்குக் குறையாத நீளத்தில் வரையுங்கள்.

கிரிம்பில்தான் (வயர் முனையில் உலோக டெர்மினலை நசுக்கிப் பொருத்துவது) பலரும் கோட்டைவிடுகிறார்கள். டெர்மினலின் முன்சிறகு செம்பை மட்டும், பின்சிறகு உறையை மட்டும் பிடிக்க வேண்டும். உறை முன்சிறகுக்குள் போனால் தொடர்பு விட்டுவிட்டு வரும். 24 கேஜ் வயர், 2 மி.மீ. உறை உரித்தால் போதும். மூக்குக் குறடு வேண்டாம், கிரிம்பர்தான்.

வயரோடு விற்கும் பிளக்கில் சிவப்பு எந்தப் பக்கம் என்பது ஆளுக்கு ஆள் மாறும். மல்டிமீட்டர் வைத்துப் பார்த்த பிறகே பேட்டரியைச் செருகுங்கள்.