பால்சா மரத்தில் ஒரு தட்டை விமானம்: முதன்முறை செய்பவர்களுக்கு

அரக்கோணம், நெமிலி பக்கத்துப் பிள்ளைகளுக்கு விமானம் புதிதல்ல. 1992இல் ஐ.என்.எஸ். ராஜாளி கடற்படை விமானதளம் வந்ததிலிருந்து தலைக்கு மேலே ஏதாவது ஒன்று போய்க்கொண்டுதான் இருக்கிறது. அங்கிருந்து கிளம்பும் பி-8ஐ என்ற பெரிய கடற்படைக் கண்காணிப்பு விமானத்தைப் பார்த்துவிட்டு “இதை மரத்துல செய்யலாமா?” என்று கேட்கிற பிள்ளைகள் உண்டு. செய்யலாம். ஆனால் உருண்ட உடலும் பின்னோக்கிச் சாய்ந்த இறக்கையும் முதல் விமானத்துக்கு வேண்டாம். தட்டை விமானத்தில் தொடங்குங்கள். பக்கவாட்டில் பார்த்தால் விமானம் எப்படித் தெரியுமோ அந்த உருவத்தை ஒரே பலகையில் வெட்டி, மேலே இறக்கை, பின்னே வால் ஒட்டினால் வேலை முடிந்தது. உடல் தட்டையாக இருப்பதால் பறப்பதில் ஒரு குறையும் வராது. பறக்க வைப்பது இறக்கையும் வாலும், எடை எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பதும்தான்.

இது கையால் வீசிப் பறக்கவிடும் விமானம். மோட்டார் கிடையாது, ரப்பர் கிடையாது. பிளேடு பிடிக்கும் வேலையைப் பெரியவர்கள் பார்த்துக்கொண்டால் மற்றதைப் பிள்ளைகளே செய்துவிடலாம்.

மரம்

தச்சுப் பட்டறையில் கிடைக்கும் தேக்கோ வேம்போ இதற்கு ஆகாது. ஒரு கன மீட்டர் தேக்கு சுமார் 650 கிலோ இருக்கும். பால்சா சுமார் 150 கிலோதான். தென் அமெரிக்காவின் ஈக்வடாரிலிருந்து வருகிற மரம் இது. வேலூரில் தேடி அலைவதைவிட, சென்னையில் மாடல் விமானப் பொருள் விற்கும் கடைகளிலோ இணையத்திலோ சொல்லிவிட்டால் கூரியரில் வந்துவிடும். 1.5 மி.மீ., 2 மி.மீ., 5 மி.மீ. கனத்தில் ஒவ்வொரு பலகை வாங்குங்கள்.

பலகை வந்ததும் விளக்கு வெளிச்சத்தில் பிடித்து ரேகை, அதாவது மரத்தின் நார்க்கோடு, எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள். பால்சா ரேகையின் போக்கில் வளையாமல் நிற்கும்; குறுக்கே வளைத்தால் பிஸ்கட்டாக உடையும். ஆகவே இறக்கையிலும் கிடைவாலிலும் (வாலில் படுக்கையாக இருக்கும் துண்டு) ரேகை இடமிருந்து வலமாக, நீளவாக்கில் ஓட வேண்டும். உடலில் மூக்கிலிருந்து வால் வரை. நிமிர்வாலில் (வாலில் செங்குத்தாக நிற்கும் துண்டு) கீழிருந்து மேலாக. இதைக் கவனிக்காமல் வெட்டினால் எவ்வளவு நன்றாக ஒட்டினாலும் முதல் வீச்சிலேயே இறக்கை முறிந்துவிடும்.

வெட்டுவது

முதலில் அட்டையில் அச்சு வெட்டிக்கொள்ளுங்கள். ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் ஷூ கம்பெனிக்குப் போகிறவர்கள் யாராவது வீட்டில் இருந்தால் இதைச் சொல்லித்தரவே வேண்டாம்; தோல் வெட்டுகிற ‘பேட்டர்ன்’ வேலைதான். ஷூ பெட்டி அட்டையே போதும். அளவுகள் இவை:

உடல்: 5 மி.மீ. பலகை, நீளம் 32 செ.மீ. விமானி உட்காரும் இடத்தில் 4 செ.மீ. உயரம், வாலுக்குப் போகும்போது 1 செ.மீ. ஆகக் குறையட்டும்.
இறக்கை: 2 மி.மீ. பலகையில் இரண்டு துண்டு, ஒவ்வொன்றும் 20 செ.மீ. நீளம், 7 செ.மீ. அகலம்.
கிடைவால்: 1.5 மி.மீ., 14 செ.மீ. நீளம், 4.5 செ.மீ. அகலம்.
நிமிர்வால்: 1.5 மி.மீ., 6 செ.மீ. உயரம், 4.5 செ.மீ. அகலம்.

கூரான புது பிளேடு, இரும்பு ஸ்கேல். ஒரே அழுத்தில் வெட்டாதீர்கள். மெதுவாக மூன்று நான்கு முறை இழுங்கள். மொட்டை பிளேடு பால்சாவை வெட்டாது, பிய்க்கும்.

உடலில் இறக்கை உட்காரும் இடம் மூக்கிலிருந்து 8 செ.மீ. தாண்டித் தொடங்கி 15 செ.மீ. வரை. அந்த இடத்தைத் தேய்க்கும்போது முன்பக்கம் பின்பக்கத்தைவிட 2 மி.மீ. உயரமாக இருக்கட்டும். வால் உட்காரும் இடம் மட்டமாகவே இருக்கலாம். இந்தச் சிறு சாய்வுதான் விமானம் தலை குப்புறப் போகாமல் தன்னைத்தானே தூக்கிக்கொள்ள உதவுகிறது.

இறக்கையின் முன்விளிம்பை 220ஆம் நம்பர் உப்புத்தாளில் உருட்டையாகத் தேயுங்கள். பின்விளிம்பை மேல்பக்கத்திலிருந்து சரித்து மெல்லியதாக்குங்கள். அடிப்பக்கம் தட்டையாகவே இருக்கட்டும்.

ஒட்டுவது

இறக்கையின் இரண்டு துண்டும் ஒரே நேர்கோட்டில் இருக்கக் கூடாது. ஒன்றை மேசையில் மட்டமாக வைத்து, மற்றதன் நுனி 5 செ.மீ. உயரத்தில் நிற்கும்படி கீழே புத்தகங்களை அடுக்குங்கள். இரண்டும் சேரும் விளிம்புகளை அந்தக் கோணத்துக்குத் தகுந்தபடி தேய்த்து, ஃபெவிகால் வைத்து, ஒரு ராத்திரி அசையாமல் விட்டுவிடுங்கள். கீழே பாலித்தீன் தாள் விரிக்க மறந்தால் இறக்கை மேசையோடு ஒட்டிக்கொள்ளும். இப்படி இரு பக்கமும் மேல்நோக்கி இருந்தால், காற்றில் ஒரு பக்கம் சாயும்போது விமானம் தானாக நிமிர்ந்துவிடும்.

மறுநாள் இறக்கையை உடலின்மேல் ஒட்டி, இருபுறமும் மூலையில் சிறு முக்கோணத் துண்டு கொடுங்கள். பிறகு கிடைவால், அதன்மேல் நிமிர்வால். பசை காய்வதற்குள் பின்னாலிருந்து ஒற்றைக் கண்ணால் பாருங்கள். வால் ஒரு பக்கம் சரிந்திருந்தால் அப்போதே நேராக்கிவிடுங்கள்.

வண்ணம் பூச ஆசை வரும். முழு விமானமே மூக்குக் களிமண்ணோடு 20 கிராமைச் சுற்றித்தான் இருக்கும். பெயின்ட் அதில் பெரிய சுமை. ஸ்கெட்ச் பேனாவில் ஜன்னல், சக்கரம் வரையுங்கள், அது போதும்.

எடை மையம்

விமானம் பறப்பதா விழுவதா என்பது இங்கேதான் முடிவாகிறது. 1804இல் இங்கிலாந்தில் ஜார்ஜ் கேலி செய்த மாதிரி விமானம் ஒரு கழி, அதன்மேல் காற்றாடி போன்ற இறக்கை, பின்னே ஒரு வால், அவ்வளவுதான். கூடவே முன்னும் பின்னும் நகர்த்தக்கூடிய ஒரு எடை வைத்திருந்தார். நமக்கு அந்த எடை, பிள்ளைகள் விளையாடும் களிமண்.

இறக்கையின் முன்விளிம்பிலிருந்து 2.3 செ.மீ. பின்னால், அதாவது இறக்கை அகலத்தில் மூன்றில் ஒரு பங்கில், அடிப்பக்கம் இரு புறமும் புள்ளி வையுங்கள். அந்தப் புள்ளிகளில் இரண்டு விரல் நுனியால் தாங்குங்கள். முதலில் வால் தொங்கும். மூக்கின் இரு பக்கமும் களிமண்ணை அப்பிக்கொண்டே வந்தால் 6, 7 கிராமில் விமானம் மட்டமாக நிற்கும்.

பறக்கவிடுவது

வேலூர் வெயிலில் பத்து மணிக்கு மேல் தரை சூடாகிக் காற்று கன்னாபின்னாவென்று கிளம்பும். பழகுவதற்கு விடியற்காலைதான் சரி, இலை அசையாத நேரம். ஆள் நடமாட்டமில்லாத விளையாட்டு மைதானம், பாலாற்றில் கருவேலம் மண்டாத மணல் பகுதி இரண்டும் நல்லவை. புல்லோ மணலோ இருந்தால் மூக்கு உடையாது. அப்துல்லாபுரத்தில் உள்ள வேலூர் விமான நிலைய ஓடுபாதைப் பக்கமோ அரக்கோணம் தளத்தின் அருகிலோ வேண்டவே வேண்டாம்.

இறக்கைக்குக் கீழே உடலைப் பிடித்து, மூக்கை மிக லேசாகத் தாழ்த்தி, பத்துப் பதினைந்து மீட்டர் தள்ளி ஒரு இடத்தைப் பார்த்துத் தள்ளிவிடுங்கள். கல் எறிவதுபோல் எறியக் கூடாது.

நேராகக் கீழே போய்க் குத்தினால் மூக்கில் எடை அதிகம். ஒரு சிட்டிகை களிமண்ணை எடுங்கள். மேலே எழும்பி, நின்று, பிறகு குத்தி, மறுபடி எழும்பினால் எடை போதவில்லை. ஒரு சிட்டிகை சேருங்கள். ஒவ்வொரு வீச்சுக்கும் ஒரே ஒரு மாற்றம்தான் செய்ய வேண்டும். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது.

ஒரே பக்கமாகச் சுருண்டு விழுந்தால் பெரும்பாலும் இறக்கை முறுக்கியிருக்கும். பின்னாலிருந்து பார்த்தால் தெரியும். இட்லிப் பானை ஆவியில் அந்த இடத்தை லேசாகக் காட்டி, எதிர்ப்பக்கம் முறுக்கி, ஆறும்வரை அப்படியே பிடித்திருங்கள். ஆவி வேலை பெரியவர்களுக்கு. முறுக்கு இல்லாமலேயே திரும்பினால் நிமிர்வாலின் பின்விளிம்பை எதிர்ப்பக்கம் துளி வளைத்தால் போதும். பெரிய வட்டமாகத் திரும்புவது குறையே அல்ல. நடந்து போய் எடுக்கும் தூரம் குறையும்.

இறக்கை முறிந்தால் உடைந்த விளிம்பைத் தேய்க்காதீர்கள். பசை தடவி அப்படியே பொருத்தினால் பழைய பலம் வந்துவிடும். விமானத்தை மொட்டை மாடியிலோ வெயிலில் நிற்கும் வண்டியிலோ வைக்க வேண்டாம், இறக்கை வளைந்துவிடும். வீட்டுக்குள் சுவரில் ஆணி அடித்து மூக்குப் பக்கம் நூல் கட்டித் தொங்கவிடுங்கள்.