வால்பாறை ஏறும் முன்னாடி ஆல்பத்தைப் பென்டிரைவில் ஏத்திக்கோங்க

ஆழியாறு தாண்டி 40 கொண்டை ஊசி வளைவு ஏறும்போது சிக்னல் விட்டுவிட்டுத்தான் வருமுங்க. இந்த வருசம் மனசுக்குப் பிடிச்ச சுயாதீன ஆல்பங்களைக் கோயமுத்தூர்லயே இறக்கி வெச்சுக்கோங்க.

கலைஞர்கள் நேரடியா பாட்டு விக்கற பேண்ட்கேம்ப் இணையதளத்துல வாங்கினா டிஜிட்டல் ஆல்பத்துக்கு அவங்க பங்கு 15 சதவீதம். சில வெள்ளிக்கிழமைகள்ல அதையும் விட்டுக்கொடுக்கிறாங்க. அன்னைக்கு வாங்கினா கலைஞருக்கு இன்னும் கொஞ்சம் சேரும். கார்டுல வெளிநாட்டுப் பரிவர்த்தனை திறந்திருக்கணும், இல்லேன்னா பணம் போகாது.

வீட்டுல கேக்க தரம் குறையாத ஃப்ளாக் ஃபைல், காருக்கு 320 கேபிபிஎஸ் எம்பி3 தாராளம். 40 நிமிச ஆல்பம் சுமார் 96 எம்பிதான்.

சிக்கல் வர்றது பாட்டு வரிசையில. பல கார் ஸ்டீரியோக்கள் ஃபைல் பேரைப் பாக்காது, காப்பி ஆன வரிசையிலயே பாடும். கலைஞர் யோசிச்சு அடுக்கினது கலைஞ்சா ஆல்பத்தோட உயிரே போயிருமுங்க. அதனால பென்டிரைவை ஃபேட்32ங்கற முறையில ஃபார்மேட் பண்ணுங்க (உள்ள இருக்கறதெல்லாம் அழிஞ்சிரும், முன்னாடியே எடுத்து வெச்சிருங்க). இறக்கின ஆல்பத்தோட ஜிப் ஃபைலைக் கம்ப்யூட்டர்லயே பிரிச்சு, பாட்டு ஃபைல் பேர்ல 1, 2ங்கறதை 01, 02னு மாத்துங்க. இல்லேன்னா பேர் வரிசையில காப்பி ஆகும்போது 1க்கு அடுத்து 10 வந்து நிக்கலாம். அப்புறம் ஒரு நேரத்துக்கு ஒரு ஃபோல்டரா காப்பி பண்ணுங்க.

தொடர்ந்து ஓடவேண்டிய ரெண்டு பாட்டுக்கு நடுவுல அரை நொடி அமைதி விழுந்தா, பெரும்பாலும் அது ஸ்டீரியோவோட குறைதானுங்க.